மெடல் முன்னே, துணை பின்னே

1

மலாயாவில், ஈப்போவுக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கிற ஒரு சின்னப் பட்டணத்தில் வெற்றிலை பாக்குக் கடை வைத்திருக்கிறேன். வந்து பல வருஷம் ஆகிவிட்டது. கடைக்கு நேர் எதிரே நகரசபையின் பூங்கா. காலையில் கடையைத் திறந்து, தண்ணீர் தெளித்து, கள்ளழகர் படத்துக்குச் சூடம் காட்டிவிட்டுத் திரும்பினால் முதலில் கண்ணில் படுவது அந்தப் பூங்காவின் இரும்புக் கதவுதான். போன வாரம் அதில் ஒரு புதுப் பலகை மாட்டியிருந்தார்கள். சூடத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே ரோட்டைக் கடந்து போய் வாசித்தேன்.

பெரிய யுத்தம் நின்ற நாள் நவம்பர் மாதம் இங்கே வருஷா வருஷம் வரும். வெள்ளைக்காரர்கள் சட்டையில் சிவப்புக் காகிதப் பூ குத்திக்கொள்வார்கள். காலையில் சங்கு ஊதும். அப்போது ரிக்‌ஷாக்காரன்கூட நடுரோட்டில் அப்படியே நிற்பான். அந்த நாளை முன்னிட்டு, இனிமேல் யுத்தத்தில் சேவை செய்தவர்களுக்குப் பூங்காவில் கட்டணம் கிடையாது என்று பலகை சொன்னது. இங்கிலீஷ், மலாய், சீனம், தமிழ் என்று நாலு பாஷையிலும் எழுதியிருந்தது. கடைசி வரி: தக்க அத்தாட்சி காட்டவேண்டும்.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு மதுரை ஞாபகம் வந்துவிட்டது. ஊரிலிருக்கிற உங்களுக்கு இதை எழுதவேண்டும் என்று தோன்றியதும் அப்போதுதான்.

என் மகன் சுந்தரம் அந்த நகரசபை ஆபீசில்தான் குமாஸ்தாவாக இருக்கிறான். ராத்திரி சாப்பாட்டில் அவனே பேச்சை எடுத்தான்.

"அப்பா, இதனால வருமானம் எம்புட்டுக் குறையும்னு துரை கேட்டிருக்காரு. நாள் பூரா எதிர்த்தாப்புலதான உக்காந்திருக்கீங்க? எத்தனை பட்டாளத்தாளு வருவாங்கன்னு ஒரு குத்துமதிப்பாச் சொல்லுங்கலா."

என் மனைவி மீனாள் குழம்புச் சட்டியை வைத்துவிட்டு, "அது என்னடா, பேச்சுக்குப் பேச்சு வால் வைக்கிற மாதிரி ஒரு லா?" என்றாள்.

"இங்க எல்லாரும் அப்படித்தான்லா பேசுறாங்க."

மகள் ராஜம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் இன்னும் மோசம். சிநேகிதிகளோடு வாசலில் நின்று மலாயில் பேச ஆரம்பித்தால், எங்கள் இரண்டு பேருக்கும் ஊமைப்படம் பார்க்கிற மாதிரி இருக்கும்.

"ஒண்ணும் குறையாதுன்னு எழுதிப் போடு. மதுரையில பார்த்திருக்கேன்" என்றேன் நான்.

"மதுரையில பார்த்ததெல்லாம் இங்க ஆபீஸ்ல செல்லாதுப்பா" என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னான்.

2

கடல் தாண்டுவதற்கு முன்னால் மதுரையில் நான் பார்த்த வேலை, ஒரு பூங்காவின் வாசலில் டிக்கட் கிழிப்பது. உள்ளே ஒரு நீரூற்று, பாண்டு வாசிக்க ஒரு மேடை, கம்பி வலைக்குள் இரண்டு மான். பெரிய மனிதர்கள் சேர்ந்த ஒரு கமிட்டி அதை நடத்தியது. ஆனால் வாசல் வசூலைக் கமிட்டி தானே வாங்காது. சந்தை வசூலை ஏலம் விடுகிற மாதிரி அதையும் வருஷத்துக்கு ஒரு தடவை ஏலம் விட்டுவிடுவார்கள். ஏலம் எடுத்தவர் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, தலைக்கு அரையணா வாங்கி எடுத்துக்கொள்ளவேண்டியது. லாபமோ நட்டமோ அவர் பாடு.

அதை எடுத்தவர் சிம்மக்கல்லில் மளிகை மொத்த வியாபாரம் செய்த பொன்னுச்சாமி. ரோட்டோரப் புளியமரத்துக் காய்ப்பையும் ஏலம் எடுப்பார், கண்மாய் மீனையும் ஏலம் எடுப்பார். "ஆகாசத்துல போற மேகத்தை ஏலம் விட்டாலும் நான் ஒரு கேள்வி கேட்டுட்டுத்தான் வருவேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவரிடம்தான் நான் சம்பளம் வாங்கினேன்.

ஒரு வருஷம் கமிட்டியார் பூங்கா நடுவில் ஒரு கல் நாட்டினார்கள். இந்தப் பக்கத்திலிருந்து யுத்தத்துக்குப் போனவர்கள் இத்தனை பேர், அவர்களில் உயிர் விட்டவர்கள் இத்தனை பேர் என்று இங்கிலீஷில் வெட்டிய கல். திறப்பு விழாவுக்குக் கலெக்டர் துரை வந்தார். மாலை, சந்தனம், பன்னீர் எல்லாம் ஆயிற்று. அந்தச் சந்தோஷத்தில் கமிட்டித் தலைவர் மேடையிலேயே சொல்லிவிட்டார்: யுத்தத்துக்குப் போய் வந்தவர்கள் இனிமேல் காசில்லாமல் உள்ளே வரலாம். மறுநாளே வாசலில் பலகை வந்துவிட்டது. 'யுத்த மெடல் அணிந்து வருபவருக்கும், அவருக்குத் துணையாக வரும் ஒருவருக்கும் அனுமதி இலவசம்.' கால் போனவர்கள், கண் போனவர்கள் வரலாம் அல்லவா, அதற்காகத் துணையாள்.

பொன்னுச்சாமி பலகைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"அவுக மேடையில தருமம் பண்ணுவாக. கூலி பொன்னுச்சாமி குடுக்கணுமாக்கும்? ஏலத் தொகையில ஒரு ரூவா குறைச்சாகளா? ஏண்டா, நம்ம பக்கத்துல எம்புட்டுப் பேரு பட்டாளத்துக்குப் போனான்? ஊருக்கு ஊரு போனான்டா! அத்தனை பேரும் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு மானை வேடிக்கை பார்க்க வந்தான்னா நான் சிம்மக்கல்லுக் கடையை வித்துக் கட்டணும்."

பிறகு என் பக்கம் திரும்பி, "பலகையில என்ன போட்டிருக்கோ அதான். மெடல் இருந்தா உள்ள. மெடல் இல்லையா, அவன் சக்கரவர்த்திக்கு மச்சினனா இருந்தாலும் அரையணா. தெரிஞ்சதா?" என்றார்.

தெரிந்தது என்றேன்.

3

முதல் வாரம் மெடலோடு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பொன்னுச்சாமியே ஆச்சரியப்பட்டார். காரணம் போகப் போகத்தான் தெரிந்தது. மெடல் நல்ல வெள்ளி. பஞ்சம் வந்த வருஷம் நிறையப் பேர் உருக்கிவிட்டார்கள். சிலர் பிள்ளைக்கு அரைஞாண் செய்துவிட்டார்கள். பலருக்கு இப்படி ஒரு சலுகை இருப்பதே காதில் விழவில்லை. வயல் வேலை முடித்து, மாட்டைக் கட்டிவிட்டு, நீரூற்று பார்க்க யார் டவுனுக்கு வருவார்?

வந்தவர் ஒருவர், மெடல் இல்லாமல் வந்தார். மலையாண்டி. எங்கள் அவனியாபுரத்துக்காரர். எனக்கு மாமன் முறை. பஸ்ரா வரை போய்வந்தவர். அவரும் அவர் தம்பி அழகுவும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்து, ஒரே கப்பலில் போனார்கள். திரும்பி வந்தது மலையாண்டி மட்டும். அழகு அங்கே ஜுரத்தில் போய்விட்டான். எங்கே புதைத்தார்கள் என்றுகூட இவருக்குக் காட்டவில்லை; இவர் வேறு கூடாரத்தில் இருந்தாராம்.

வெள்ளை வேட்டி கட்டி, கையில் ஒரு செம்புத் தண்ணீரும் கொஞ்சம் எள்ளும் கொண்டு வந்திருந்தார். அன்றைக்கு அமாவாசை.

"மாப்ள, உள்ள கல்லு நட்டிருக்காகளாமே, செத்துப் போனவுகளுக்கு. அழகுக்கு ஒரு வாய் தண்ணி விடணும்" என்றார்.

"மெடல் எங்க மாமா?"

"அழகருக்குப் போட்டுட்டேன்."

சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மலையிலிருந்து மதுரைக்கு வருவது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் பின்னாலேயே உண்டியல் வண்டிகளும் வருமே, அதில் ஒன்றில்தான் போட்டிருக்கிறார். கப்பலில் போகும்போதே வேண்டிக்கொண்டாராம், இரண்டு பேரும் ஊர் திரும்பினால் சர்க்கார் என்ன கொடுக்கிறதோ அது உனக்கு என்று.

"ரெண்டு பேரும்னுதான வேண்டுனீங்க மாமா? ஒருத்தர்தான வந்தீக" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ என்று வாய் மூடுவதற்குள் அவரே சொன்னார்.

"பாதி நடந்துச்சுல்ல மாப்ள. அதுக்காக மெடலைப் பாதியாவா வெட்டிப் போட முடியும்?"

பொன்னுச்சாமி ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "அழகருக்குப் போட்டியா, சந்தோஷம். அப்ப அழகரு இலவசமா உள்ள வரலாம். நீ அரையணா குடுய்யா" என்றார்.

மலையாண்டி மாமாவிடம் அரையணா இல்லாமல் இல்லை, மடியில் இருந்தது. ஆனால் எடுக்கவில்லை.

"காசு குடுத்துட்டு உள்ள போனா நான் மானு பார்க்க வந்தவன்யா. பட்டாளத்துக்குப் போனவன் இல்ல. எந்தம்பிக்குத் தண்ணி விடுறதுக்கு டிக்கட்டா?"

பட்டாளத்தில் விடுவித்தபோது கொடுத்த காகிதத்தைக் காட்டினார். பொன்னுச்சாமி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பலகையில காகிதம்னு போடலையே."

அவர் போன பிறகு நான் ரோட்டில் ஓடிப்போய்ச் சொன்னேன்: "மாமா, ஏலக்காரரு சாயங்காலம் சிம்மக்கல்லு போயிருவாரு. அப்ப வாங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

"நீ திரும்பிக்கிட்டா நான் களவாணிப்பய ஆயிருவேன் மாப்ள. நேராப் பார்த்து விடு. விட முடியலைன்னா நேராப் பார்த்து நிறுத்து."

4

இங்கே சீக்கியர்களை வங்காளி என்றுதான் சொல்கிறார்கள்; ஏன் என்று எனக்குத் தெரியாது. என் கடைக்குப் பக்கத்தில் அடகுக்கடைக்குக் காவல் இருக்கிற வங்காளி ஒருவர், பகலில் கயிற்றுக் கட்டிலில் தூங்குவார். அவரும் யுத்தத்துக்குப் போனவர்தான். புதுப் பலகையைப் பற்றிச் சொன்னேன். தாடியைக் கோதிக்கொண்டு தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"உள்ளே என்ன இருக்கு, சாமி?"

"புல்லு இருக்கு. குளம் இருக்கு. தாமரை இருக்கு."

"எங்க ஊர்லே புல்லு நிறைய இருக்கு. மெடல் பெட்டிக்குள்ளே. பெட்டி சாவி பொண்டாட்டிகிட்டே. பொண்டாட்டி ஊர்லே." சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இதைச் சுந்தரத்திடம் சொன்னேன். "ஒருத்தரு வரமாட்டாரு. அதையும் உங்க கணக்குல எழுதிக்க." அவன் சிரித்தான். ஆனால் துரை கேட்டது தலைக்கணக்கு. உத்தேசமாக ஒரு பெரிய எண்ணாகப் போட்டுத்தான் எழுதிக்கொண்டு போனான். பெரிய எண்ணாக இருந்தால்தான் தருமமும் பெரிதாகத் தெரியுமாம்.

5

அடுத்த அமாவாசைக்கும் மலையாண்டி மாமா வந்தார். பொன்னுச்சாமி அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். "யோவ், உன்னைப் பார்த்தா பொய் சொல்றவன் மாதிரித் தெரியலை. ஒண்ணு பண்ணு. மெடலை உண்டியல்ல போட்டது வாஸ்தவம்னு கோவில்ல எழுதி வாங்கிட்டு வா. நான் கமிட்டியில பேசிப் பார்க்கிறேன்" என்றார்.

மாமா அழகர்கோவிலுக்கு நடந்தே போய்க் கேட்டிருக்கிறார். உண்டியலில் போட்டவன் பெயரை யார் எழுதி வைப்பார்கள்? அது சாமிக்கும் உனக்கும் உள்ள சங்கதியப்பா, எங்களைச் சாட்சிக்குக் கூப்பிடாதே என்று சொல்லி, கை நிறையத் துளசி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தத் துளசியைக் கொண்டுவந்து பொன்னுச்சாமிக்கும் கொடுத்தார். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு காதில் வைத்துக்கொண்டாரே தவிர, கதவைத் திறக்கச் சொல்லவில்லை.

அதற்கடுத்த அமாவாசை. மாமா வந்து வழக்கம்போலக் கதவுக்கு வெளியே நின்றார். அவருக்குப் பத்தடி பின்னால் ஒரு பெண், வெள்ளைச் சேலை, முக்காடு. அழகுவின் மனைவி வீராயி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட அவனோடு இருக்கவில்லை. விதவையானதிலிருந்து யார் எதிரேயும் வராமல், சுபகாரியம் எதற்கும் போகாமல், விடிவதற்கு முன்னால் தண்ணீர் எடுத்துவிட்டு வீட்டுக்குள் அடங்கிவிடுகிறவள். டவுனுக்கு அவள் வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாமாவுக்கே அவள் வருவது தெரியாது. திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டார். "என்ன தாயி, நீ எங்க இங்க?"

"மூணு மாசமாச் செம்போட போறீக, செம்போட வாரீக. தண்ணி அப்படியே இருக்கு. நான் பார்க்கலைன்னு நெனச்சீகளா மச்சான்?" என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள்.

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு மெடல். அழகு செத்த பிறகு சர்க்கார் அவளுக்கு அனுப்பியது. சாமி படத்தோடு வைத்து இத்தனை நாள் பூப்போட்டிருக்கிறாள். அதை மாமாவிடம் நீட்டினாள். "இதைப் போட்டுக்கிட்டுப் போங்க."

அவர் தொடவில்லை. "அது அவன் பேரு வெட்டுனது தாயி. அவன் மெடலைக் குத்திக்கிட்டு நான் போனா அவன்கிட்டப் போயி என்னன்னு சொல்லுவேன்?"

பொன்னுச்சாமி ஸ்டூலைவிட்டு எழுந்து வந்தார். மெடலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பலகையை ஒரு தடவை முழுக்க வாசித்தார். வாய்க்குள்ளேயே வாசிக்கிற மனிதர் அன்றைக்கு உரக்க வாசித்தார். "யுத்த மெடல் அணிந்து வருபவருக்கும்... ஆம்பளைன்னு போடலையே. யுத்தத்துக்குப் போனவனேதான் குத்தணும்னும் போடலையே. அணிந்து வருபவருன்னுதான போட்டிருக்கு? இந்தாம்மா, நீ குத்திக்கிட்டு வா. உனக்கு ஒரு துணையாளும் உண்டு."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியாது. பலகையில் உள்ளபடிதான் நடக்கவேண்டும் என்பது அவர் குணம். துளசியும் கொஞ்சம் வேலை செய்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

வீராயி மெடலைச் சேலை மடிப்பில், தோளுக்குக் கீழே ஊசியால் குத்திக்கொண்டாள். நான் கதவைத் திறந்தேன். ஆனால் அவள் நகரவில்லை. ஒதுங்கி, மலையாண்டி மாமா முன்னே போகட்டும் என்று நின்றாள். எங்கள் பக்கத்துப் பழக்கம் அதுதான். புருஷனுடைய அண்ணனுக்கு முன்னால் எந்தப் பெண்ணும் நடக்கமாட்டாள். விதவை என்றால் கேட்கவே வேண்டாம்.

பொன்னுச்சாமி கையை நீட்டித் தடுத்தார். "மெடல்தான் முன்னாடி. துணை பின்னாடி. அவரு முன்னாடி வந்தா அவருக்கு அரையணா."

வீராயி மாமாவைப் பார்த்தாள். உள்ளே பாண்டு மேடைப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆட்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா செம்பைக் கை மாற்றிக்கொண்டார். தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். ஊரில் பெரியவர்கள் முன்னாலும் சாமி முன்னாலும்தான் அப்படிச் செய்வார்கள்.

"போ தாயி. இன்னைக்கு நீதான் பட்டாளத்தாளு. நான் உன் பின்னாடி வர்ற ஆளு."

அவள் நடந்தாள். முக்காடு நழுவியதைச் சரிசெய்யக்கூட இல்லை. அவர் நாலடி விட்டுப் பின்னாலேயே போனார். எனக்குத் தாங்கவில்லை; கதவை விட்டுவிட்டு நானும் போனேன். ஏலக்காரர் ஏசவில்லை.

கல்லுக்கு முன்னால் நின்று வீராயி என்னிடம் கேட்டாள். "அண்ணே, இதுல எங்க இருக்கு அவுக பேரு?"

மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் படித்ததில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும் எனக்கு. கல்லைச் சுற்றி வந்து பார்த்தேன். "பேரு இல்ல தங்கச்சி. எத்தனை பேருன்னு ஒரு நம்பர்தான் இருக்கு."

"அதுல ஒண்ணு அவுகளா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் அந்த நம்பரையே பார்த்தாள். பிறகு மெடலைக் கழற்றி, கல்லின் மேல் வைத்தாள். "இதுல பேரு இருக்குன்னு சொன்னாக. நீங்க வாசிங்க. மச்சான் தண்ணி விடட்டும்."

மெடலின் ஓரத்தில் சின்ன எழுத்தில் வெட்டியிருந்தது. வெயிலில் சாய்த்துப் பிடித்து, எழுத்து எழுத்தாகக் கூட்டி, நான் உரக்க வாசித்தேன். அழகு. மாமா எள்ளும் தண்ணீரும் விட்டார். அவன் பெயரை யாரும் அந்த வீட்டில் அத்தனை வருஷமாக உரக்கச் சொன்னதில்லை என்று பிறகு அவர்தான் சொன்னார்.

6

அதன்பிறகு நான் கப்பல் ஏறும்வரை அமாவாசைதோறும் இரண்டு பேரும் வந்தார்கள். அவள் முன்னால், அவர் பின்னால். வீராயி முன்னே வருவதைப் பார்த்து வாசலில் ஒதுங்கிப் போனவர்கள் இருந்தார்கள். போகப் போக அதுவும் குறைந்தது.

பொன்னுச்சாமிக்கு என்ன நட்டம் என்று கேட்பீர்கள். மெடல்காரர்களால் போனது அவர் வெற்றிலைச் செலவுக்குக் காணாது. ஆனால் அடுத்த வருஷ ஏலத்தில் எழுந்து நின்று, "பட்டாளத்துக்காரவுகளுக்கு இலவசம் விட்டு நான் அழிஞ்சே போனேன்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி, தொகையை நன்றாகக் குறைத்து எடுத்துவிட்டார். கமிட்டியாரும் தங்கள் தருமத்துக்கு அவ்வளவு செலவாகியிருக்கிறதே என்று சந்தோஷமாகக் குறைத்துக் கொடுத்தார்கள். அதனால்தான் சுந்தரம் ஆபீசில் காட்டிய பெரிய எண்ணைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

யுத்தம் நின்ற நாள் இங்கே நேற்று வந்துபோனது. சங்கு ஊதியதும் கடையில் எழுந்து நின்றேன். பிறகு கடையைச் சாத்திவிட்டு மீனாளைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். எதிரிலேயே இருந்தும் இத்தனை வருஷத்தில் நாங்கள் உள்ளே போனதில்லை. இரண்டு பேருக்கும் காசு கொடுத்து டிக்கட் வாங்கினேன்; நாங்கள் பட்டாளத்துக்குப் போகாதவர்கள். இலவசம் என்று வந்தவர்கள் வாசலில் ஒருவரும் இல்லை.

உள்ளே இங்கேயும் ஒரு கல் இருக்கிறது. இதில் பெயர்கள் இருக்கின்றன, எல்லாம் வெள்ளைக்காரப் பெயர்கள். மீனாள் செருப்பைக் கழற்றிவிட்டு, கோவிலில் நிற்கிற மாதிரிக் கைகூப்பி நின்றாள்.

"யாரு பேரு இதெல்லாம்?"

"தெரியலை. யாரோ பெத்த பிள்ளைங்க."

"நம்ம ஊரு ஆளு யாரும் இல்லையா?"

கல்லில் இல்லைதான். அழகரை நினைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உரக்கவே, நான் அழகுவின் பெயரை ஒரு தடவை சொன்னேன்.